பள்ளம் யார் பக்கம்

மழை பெய்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மேஸ்திரியம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போவாள். கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் வாசலில் தேங்குகிறது, யார் அதைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரு முழுக்கப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை நனைந்து திரும்புவாள். கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டபோது, மாலையும் கழுத்துமாக மண்டபத்துச் சாக்கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் புருஷன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் அந்தத் தெருவின் ரொட்டிக்காரர். பேச்சில் நிதானமும் முழங்கையில் மாவும் எப்போதும் இருக்கும்.

தெரு முடிகிற இடத்தில் மலை தொடங்கியது. பேக்கரி, சைக்கிள் கடை, சலவைக் கடை, ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் ஒரு இரும்புக் கேட், கேட்டைத் தாண்டினால் காடு. காட்டின் மறுபக்கம் இன்னொரு கேட், இன்னொரு ஊர். நடுவில் போன ஒற்றையடிப் பாதையைத் திட்டம் போட்டு யாரும் வெட்டவில்லை. அவசரக்காரர்கள் நடந்து நடந்து உண்டான பாதை. அவசரக்காரன் வளைந்தா போவான்? மேட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கி, நடுவிலிருந்த பள்ளத்தைக் கடந்து, நேராக மறுபடி மேலே ஏறியது. போன மழையில் இரண்டு பக்கத்துச் சரிவும் பாதை வழியாகவே ஓடையாக இறங்கி, சேற்றையெல்லாம் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் கொட்டியது.

அந்தப் பள்ளத்தில்தான் தவளைகள் முட்டையிடும். கட்டைவிரல் நகம் அளவுத் தவளை. சத்தம் மட்டும் கல்யாண வீட்டுச் சத்தம். இந்த மலையை விட்டால் வேறு எங்கும் இல்லாத தவளை என்று வனத்துறைக்காரர்கள் அதைத் தங்கம்போலக் காத்து வந்தார்கள். சேறு மூடி முட்டையெல்லாம் போனதும் இரண்டு பக்கத்துக் கேட்டையும் பூட்டிவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் பாதையை இரண்டு ஊரும் ஆளுக்குப் பாதியாகப் புதிதாகப் போட வேண்டும். இயந்திரம் கூடாது, சிமென்ட் கூடாது, குழாய் கூடாது. பாதையில் விழும் தண்ணீர் பாதையோடு ஓடக் கூடாது. குறுக்கே கடந்து இலைச்சருகுக்குள் போய் ஊற வேண்டும். ஒரு சொட்டுக் கலங்கல்கூட நேராகப் பள்ளத்தில் இறங்கக் கூடாது. வேலை முடிந்த பாதையில் ஊர்க்காரர்கள் நடக்கலாம். ஆனால் முதல் மழையில் இரண்டு ஊர் மேஸ்திரிகளும் வனக்காவலரும் அங்கேயே நின்று பார்த்து, தண்ணீர் சரியாகப் பிரிகிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருஷமும் பாதை உண்டு. தவளை கத்த ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து குஞ்சுகள் கரையேறும்வரை காட்டுக்குள் மனிதக் கால் படக் கூடாது.

இதெல்லாம் மேஸ்திரியம்மாவுக்குத் தேன் குடித்த மாதிரிதான். தண்ணீரை மதிக்கச் சொல்லி ஒரு அரசாங்க உத்தரவு வருமென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தன் பாதியைத் தெருப் பெண்களையும் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு செதுக்கிச் செதுக்கிப் போட்டு முடித்தாள். அவளை வாட்டியது வேறு விஷயம்.

அவளுடைய ஒரே மகளை மறுபக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. மகளுக்கு இப்போது மாதம் நெருங்கிவிட்டது. அந்த ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. மலையைச் சுற்றி வரும் பஸ் ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. அந்த ரோட்டில் இந்த நிலையில் பஸ் ஏறவே கூடாது, நடந்தால் நல்லது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நடக்கப் பாதை வேண்டும். பாதை முடியாமல் மழை வந்து தவளை கத்திவிட்டால் கேட் மூடிவிடும். மகள் அங்கேயே மாட்டிக்கொள்வாள். 

பாதை ஏன் முடியவில்லை என்றால், சம்பந்தி.

மகளின் மாமனார்தான் அந்தப் பக்கத்து மேஸ்திரி. எதையும் அளக்காமல் நம்பாத மனுஷர். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அதனால் இரண்டு ஊரிலும் அவருக்கு டேப்புக்காரர் என்றே பெயர். தன் பாதியை அவரும் பழுது சொல்ல முடியாதபடி முடித்திருந்தார். மிச்சமிருந்தது நடுப்பள்ளமும் அதில் இறங்கி ஏறுகிற சரிவும் மட்டும். அது எந்த ஊரின் கேட்டுக்குக் கிட்டவோ, அந்த ஊர்தான் கட்ட வேண்டும் என்பது விதி. எல்லைக்கல் இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. அது போன மழையில் உருண்டு பள்ளத்துச் சேற்றுக்குள் போய்விட்டது. டேப்புக்காரர் அளந்து பார்த்து, பள்ளம் உங்கள் பக்கம்தான் கிட்ட என்றார். மேஸ்திரியம்மா கயிறு போட்டு அளந்து, இல்லை, உங்கள் பக்கம்தான் கிட்ட என்றாள். அவர் மறுபடி அளந்தார். அவள் மறுபடி கயிறு போட்டாள். இரண்டு பேரும் நேர்மையானவர்கள். அதனால்தான் விட்டுக்கொடுக்கவே முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மகள் போன் செய்தாள். பாதை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். எங்கள் பக்கம் முடிந்துவிட்டது, உன் மாமனாரைக் கேள் என்றாள் அம்மா. மாமாவைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்கிறார் என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றதை மேஸ்திரியம்மா கவனித்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ரொட்டிக்காரர் மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். சூடான பன் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கோபமாகக் கடித்தாள்.

"அந்த மனுஷனுக்குப் பிடிவாதம் ஜாஸ்திங்க. டேப்பு சொன்னா தெய்வமே சொன்ன மாதிரி" என்றாள்.

"சரி. பள்ளம் அவங்க பக்கம்னு நீ சொல்ற. உங்க பக்கம்னு அவர் சொல்றார்" என்றார் ரொட்டிக்காரர், மாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே. "பொண்ணு எந்தப் பக்கம்னு ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா?"

 புருஷன் நிதானமாகப் பேசினால் இதுதான் தொல்லை. எதிர்த்துப் பேச இடம் இருக்காது.

மறுநாள் விடிந்ததும் தன் ஆட்களைக் கூப்பிட்டாள். பள்ளம் யார் பக்கமாவது இருந்து தொலையட்டும், நாமே கட்டிவிடுவோம் என்றாள். பள்ளத்தின் குறுக்கே கால் நட்டுப் பலகை போட்டுவிட்டால் தண்ணீரும் தவளையும் அடியில் போகட்டும், மனிதர்கள் மேலே போகட்டும் என்பது அவள் கணக்கு. பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு, ரொட்டியும் வேகவைத்த முட்டையும் தூக்குக்கூடையில் வைத்துக்கொண்டு, வரிசையாகக் காட்டுக்குள் போனார்கள்.

பள்ளத்துக்கு வந்து பார்த்தால், எதிர்ச்சரிவில் டேப்புக்காரர் தன் ஆட்களோடு நிற்கிறார். அவர்கள் தலையில் கல். தட்டையான, கால் வைத்துத் தாண்டத் தோதான கல்லாகப் பொறுக்கிச் சுமந்து வந்திருந்தார்கள். அவர் வீட்டிலும் நேற்று யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"என்ன சம்பந்தி, பலகையெல்லாம்?" என்றார் அவர்.

"உங்க பள்ளம்தான். இருந்தாலும் பரவால்ல, நாங்களே கட்டித் தர்றோம்" என்றாள்.

"அதெப்படி? உங்க பள்ளத்தை நாங்க கட்டித் தரலாம்னு வந்திருக்கோம்."

"எங்க பள்ளமில்லையே."

"எங்களதும் இல்லையே சம்பந்தி."

நேற்றுவரை கட்ட மாட்டேன் என்று போட்ட சண்டை, இன்றைக்கு நான்தான் கட்டுவேன் என்று திரும்பிக்கொண்டது. பள்ளம் மட்டும் இன்னும் இரண்டு பேருக்கும் அடுத்தவர் பள்ளம்தான். சுமை இறக்க இடமில்லாமல் இரண்டு பக்கத்து ஆட்களும் பலகையோடும் கல்லோடும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் காவலர் வந்தார். காட்டுக்குள் யார் எங்கே கால் மாற்றி வைத்தாலும் விசில் ஊதுகிற ஆள், பெயரே விசில். வனத்துறைச் சட்டை, கழுத்தில் விசில், இடுப்பில் வாக்கிடாக்கி. பலகையைப் பார்த்து ஒரு தரம் ஊதினார், கல்லைப் பார்த்து ஒரு தரம் ஊதினார். அந்தப் பக்கத்து ஊர் விதிப்படி காட்டுக்குள் மரச்சாமான் வரக் கூடாது. மருந்தடித்த மரம் தண்ணீரைக் கெடுக்கும், மருந்தடிக்காத மரம் மக்கிச் சாயும். இந்தப் பக்கத்து ஊர் விதிப்படி கல் கூடாது. வெளிக்கல்லோடு வெளிச்செடியின் விதை வரும், உள்கல்லைப் புரட்டினால் அடியில் குடியிருப்பது வீடிழக்கும்.

"எல்லைக்கல் கிடைக்கிற வரைக்கும் இது ரெண்டு ஊருக்கும் பொது. அதனால ரெண்டு விதியும் செல்லும்" என்றார் விசில். "மரமும் கூடாது, கல்லும் கூடாது அக்கா."

"அப்ப பள்ளத்தைப் பறந்தா தாண்டறது?"

அதற்கு விதியில் பதில் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு வேர்மேல் உட்கார்ந்து அவள் கூடையிலிருந்தே ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டார். மேலே மேகம் கூடிக்கொண்டு வந்தது. மேஸ்திரியம்மாவுக்கு அழுகை வரும்போலிருந்தது. ஆட்கள் முன்னால் அழுது பழக்கமில்லாததால் பலகையைக் காலால் ஓர் உதை விட்டாள்.

டேப்புக்காரர் இன்னொரு தரம் அளந்துவிடலாம் என்று இடுப்பில் கை வைத்தார். டேப் இல்லை.  கல் பொறுக்குகிற பரபரப்பில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

எதிர்ச்சரிவின் உச்சியில் மகள் நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் டேப். கீழே இறங்கும் பழைய பாதையை ஒரு பார்வை பார்த்தாள். செங்குத்தாக, போன மழை அரித்துப் போட்ட படுகுழியாகக் கிடந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. மரத்துக்கு மரம் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கினால் நின்று, தீர்ந்ததும் நடந்து, சரிவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனாள். விசில் விசிலை வாயில் வைத்தார். ஊதினால் பயந்து வழுக்கிவிடுவாளோ என்று ஊதாமலே வைத்திருந்தார். இரண்டு ஊர் ஆட்களின் தலையும் அவள் போகிற பக்கமெல்லாம் திரும்பியது.

பள்ளத்தின் தலைமாட்டில், இரண்டு சரிவும் கைகோர்க்கிற இடத்தில், வெறும் சருகு மூடிய காய்ந்த மேடு. அதைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கத்துச் சரிவுக்கு வந்து, அதே நிதானத்தில் நடந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டுடி வந்த?" மேஸ்திரியம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது, அது திட்டாகத்தான் வெளியே வந்தது.

"மாமா டேப்பை மறந்துட்டார். அது இல்லாம அவருக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குமே."

"நேரா இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு எங்கம்மா இறங்கறது? என் காலே எனக்குத் தெரியல. மூச்சு வாங்காத பக்கமாப் பார்த்து நடந்தேன்."

மேஸ்திரியம்மா மகளின் காலைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியிருந்தது இரண்டு காய்ந்த சருகு. சேறு இல்லை, ஈரம் இல்லை. பள்ளத்தைத் தாண்டி வந்தவள் பள்ளத்தை மிதிக்கவே இல்லை. இத்தனை நாளாக அந்தக் குழியை எதைப் போட்டுக் கடப்பது என்று இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டதே தவிர, அதை ஏன் கடக்க வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவசரக்காரன் இறங்கின இடத்திலேயே எல்லோரும் இறங்க வேண்டும் என்று எந்த விதி சொல்லியது?

நிமிர்ந்தாள். எதிரே டேப்புக்காரரும் மருமகளின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மண்ணு மட்டும் போதும் சம்பந்தி" என்றார் அவர், மெதுவாக.

"மரமும் வேணாம், கல்லும் வேணாம்" என்றாள் அவள்.

விசில் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, அது விதிக்கு உட்பட்டதுதான் என்றார். அதோடு இன்னொன்றும் நினைவு வந்தது அவருக்கு. வேலைக்காரர்களைத் தவிர யாரும் இப்போது காட்டில் நடக்கக் கூடாது. மேஸ்திரியம்மா ஒரு கட்டுக் குறிக்குச்சியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அவளும் வேலைதான் செய்யப் போறா. வந்த வழியில குச்சி நடப் போறா" என்றவள், குரலைத் தணித்து மகளிடம், "அதை அவங்க நடட்டும். நீ இப்பவே என்னோட வீட்டுக்கு வந்துடு கண்ணு. எப்படியும் இந்தப் பக்கம் வந்துட்ட இல்ல" என்றாள்.

மகள் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உரித்துத் தின்றாள்.

"வர மாட்டேன்."

"ஏன்டி?"

"நான் இப்ப வந்துட்டா, நீங்க ரெண்டு பேரும் வேலையைப் போட்டுட்டு மறுபடி அளக்க உட்கார்ந்துடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? நான் இங்க, உங்க மாப்பிள்ளை அங்கன்னு ஆயிடும். பாதையைப் போடுங்க. அவர் பெட்டியைத் தூக்கிட்டு வர, நான் கையை வீசிக்கிட்டு நடந்து வர்றேன்."

சொல்லிவிட்டு, தன் காலடியைத் தானே பார்த்துக்கொண்டு, குச்சியை ஒவ்வொன்றாக நட்டபடி வந்த வழியே திரும்பினாள். குனிய முடியாததால் மேலே நின்றே குத்தினாள்; பின்னால் போன ஓர் ஆள் அதை அழுத்திவிட்டான். மகளுக்கு இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மேஸ்திரியம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அப்பாவிடமிருந்து என்று சொல்லியிருப்பாள்; பொய்யாக இருந்திருக்கும்.

அன்றைக்கே மண்வெட்டி விழுந்தது. முதலில் சருகை வாரி ஓரமாகக் குவித்தார்கள், பிறகு திருப்பிப் போட. சரிவை அலமாரித் தட்டுபோல ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் செதுக்கினார்கள். வேர் வந்தால் வெட்டாமல் வளைந்தார்கள். வெட்டின மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளாமல், சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் பழைய பாதையின் படுகுழியில் கொட்டி மூடினார்கள். அங்கங்கே பாதையைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபடி ஏற்றினார்கள், ஓட நினைக்கிற தண்ணீர் அந்தத் தாழ்வில் மனசு மாறி வெளியேற.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிச்சாய்வு. பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடக் கொஞ்சூண்டு தாழ்ந்திருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் தண்ணீர் தேங்கும்; கூடினால் நடக்கிறவன் வழுக்குவான். டேப்புக்காரர் இதற்குக் குமிழ் ஓடுகிற ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர். மேஸ்திரியம்மாவின் முறை முட்டை. உரிக்காத வேகவைத்த முட்டையைப் பாதையில் வைப்பாள். அது யோசித்து யோசித்து வெளிப்பக்கம் உருள வேண்டும். உட்கார்ந்தாலும் தப்பு, ஓடினாலும் தப்பு.

"முட்டை ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் ஒல்லி. அது எப்படி சம்பந்தி சரியா உருளும்?" என்று அவர் ஆட்சேபித்தார்.

"தண்ணி மட்டும் என்ன அச்சுல வார்த்தா வருது? கோணலா வர்றதை வச்சுத்தான் பார்க்கணும்."

அவர் ரசமட்டத்தை வைத்தார். அவள் முட்டையை வைத்தாள். ஒத்துப்போனது. அடுத்த இடத்திலும் ஒத்துப்போனது. மூன்றாவது இடத்தில் ரசமட்டம் சரி என்றது, முட்டை உட்கார்ந்துவிட்டது. குனிந்து பார்த்தால் நடுவில் ஒரு குழிவு. நீளமான ரசமட்டம் அதைத் தாண்டி உட்கார்ந்திருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துச் சரி செய்தார். இன்னோர் இடத்தில் முட்டை ஓடியது என்று அவள் முழுவதையும் செதுக்கப் போக, அவர் ரசமட்டத்தை வைத்து ஓர் உருண்டை மண்தான் காரணம் என்று காட்டினார். மறுநாளிலிருந்து அவர் சட்டைப்பையிலும் ஒரு முட்டை இருந்தது. சோதித்து முடித்த முட்டை யாருக்கு என்பதில் ஆட்களுக்குள் ஒரு ரகளை. இந்தப் பக்கத்து ரொட்டியும் அந்தப் பக்கத்துத் தேநீரும் கலந்தன; விசில்கூட ஊதுவதைக் குறைத்துக்கொண்டு சட்டி மாற்ற வந்தார். வேலை இத்தனை சந்தோஷமாக நடக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்று மேஸ்திரியம்மா நினைத்தாள்.

மேகம் நாளுக்கு நாள் கீழே இறங்கி வந்தது. ஆனாலும் பெய்யாமல் பொறுத்துக்கொண்டது. கடைசிச் சருகையும் திருப்பிப் போட்டு மூடிய மறுநாளே மகள் நடந்து வந்தாள். முன்னால் மாப்பிள்ளை பெட்டியோடு, நடுவில் மகள், பின்னால் டேப்புக்காரர் ஒரு மடக்கு நாற்காலியோடு. அவள் நின்ற இடத்திலெல்லாம் நாற்காலி விரிந்தது. அவள் உட்கார்ந்தால் ஊர்வலம் முழுதும் நின்றது, எழுந்தால் நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ரொட்டிக்காரர் கையைத் துடைக்காமலே ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்ள, அவள் தோளில் இரண்டு மாவுக்கை பதிந்தது.

மருமகளையும் மகனையும் விட்டுவிட்டு டேப்புக்காரர் நாற்காலியை மடக்கிக்கொண்டு திரும்பினார். அவர் மனைவி காலமாகிப் பல வருஷமாயிற்று. அந்தப் பக்கத்து வீட்டில் இனிமேல் அவர் ஒருத்தர்தான். ஒருநாள் தங்கிப் போகச் சொன்னாள் மேஸ்திரியம்மா. முதல் மழையில் தன் பக்கத்திலிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டுமே, அதுதானே முறை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகு மரங்களுக்குள் மறைகிறவரை அவள் கேட்டிலேயே நின்றாள்.

மழை வந்த அன்று மத்தியானம்தான் மகளுக்கும் வலி வந்தது. இரண்டும் சொல்லி வைத்ததுபோல. ஆஸ்பத்திரி அறை வாசலில் மேஸ்திரியம்மா ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துத் தவித்தாள். முதல் மழையில் பாதையில் நிற்காவிட்டால் பாதை போய்விடும். நின்றால் மகள் பக்கத்தில் இருக்க முடியாது. தவிப்பு தாங்காமல் நர்ஸிடம், உங்கள் கூரைத் தண்ணீர் சுவரோரமாகவே விழுகிறது, அஸ்திவாரத்துக்கு நல்லதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ போ" என்றாள் மகள், கட்டில் கம்பியைப் பிடித்தபடி.

"உன்னை விட்டுட்டு எப்படிடி?"

"நீ இங்க நின்னா இவங்க உன் பேச்சைத்தான் கேட்டுட்டிருப்பாங்க, என்னைப் பார்க்க மாட்டாங்க. நான் நடந்த வழிம்மா அது. தண்ணி எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

இன்னும் நேரமிருக்கிறது என்றாள் நர்ஸ். நானும் மாப்பிள்ளையும் இருக்கிறோமே என்றார் ரொட்டிக்காரர். மேஸ்திரியம்மா மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

பள்ளத்தின் தலைமாட்டில் விசில் மழைக்கோட்டோடு நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து டேப்புக்காரர் குடையோடு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தாழ்விலும் குனிந்து குனிந்து பார்த்ததில் குடை இருந்தும் நனைந்திருந்தார். மகளுக்கு வலி வந்திருக்கிறது என்று அவள் சொன்னதும் அவர் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் பாதையைப் பார்த்தார்கள்.

மழை வலுத்தது. மேல்சரிவிலிருந்து மெல்லிய விரிப்பாகத் தண்ணீர் வந்தது. பாதையை எட்டியதும் ஒரு கணம் தயங்கியது.  தண்ணீர் பாதையோடு ஓடவில்லை. குறுக்கே வழிந்து, வெளி ஓரத்தைத் தாண்டி, சருகுக்குள் நுழைந்து காணாமல் போனது. பாதை நெடுக இப்படியே. ஓர் இடத்தில்கூடச் சேர்ந்து ஓடையாகவில்லை. கீழே பள்ளத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது, அடியில் கிடந்த இலை தெரிகிற தெளிவோடு. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று தாராளமாக அழுதாள்.

"பாஸ் அக்கா" என்றார் விசில். "ரெண்டு பேர் பாதையும் பாஸ்."

"ஒரே பாதைதான்யா" என்றார் டேப்புக்காரர்.

அந்த நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. கேட்டிலிருந்த இன்னொரு காவலரின் வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ரொட்டிக்காரர்தான் பேசினார். எதை அழுத்துவது என்று தெரியாமல் பாதிப் பேச்சு விழுங்கிப்போனது. பெண் குழந்தை என்பதும், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் அவர் அழுத சத்தம்தான் வந்தது. நிதானமான மனுஷர் அழுது மேஸ்திரியம்மா கேட்டதே இல்லை. அவள் விசிலின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டேப்புக்காரர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

பள்ளத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. கிர்ரென்று ஒன்று. சற்று இடைவெளி விட்டு, பதிலுக்கு இன்னொன்று.

விசிலின் முகம் மாறிவிட்டது. தன் வேலை நினைவுக்கு வந்துவிட்டது. "கத்த ஆரம்பிச்சாச்சு. உள்ள இருக்கறவங்க கிட்ட இருக்கிற கேட் வழியா உடனே வெளிய போயிடணும். அக்கா, நீங்க இந்தப் பக்கம். ஐயா, நீங்க அந்தப் பக்கம்" என்றார், தாழ்ந்த குரலில்.

டேப்புக்காரர் தலையாட்டினார். தன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இனிக் குஞ்சுகள் கரையேறும்வரை கேட் திறக்காது. இந்த மழைக்கு அந்த ரோட்டில் பஸ் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பேத்தி இந்தப் பக்கம் பிறந்திருந்தாள். வெறும் வீடு அந்தப் பக்கம் இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தவர் நின்றார்.

"கிட்ட இருக்கிற கேட்டுன்னா சொன்னீங்க?" என்று விசிலைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. அதான் விதி."

"நான் முதல்லேருந்து என்ன சொல்லிட்டிருக்கேன்? பள்ளம் இந்த அம்மா பக்கம்தான் கிட்டன்னு சொல்லலையா? டேப்பு பொய் சொல்லுமா?"

விசில் சங்கடத்தோடு மேஸ்திரியம்மாவைப் பார்த்தார். "அக்கா, நீங்க அளந்தப்ப அவர் பக்கம்தான் கிட்டன்னீங்களே. கயிறு போட்டு, ஊர் முழுக்கச் சொன்னீங்களே."

அவர்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டேப்புக்காரரின் கண்ணாடியில் மழைத்துளி நிறைந்திருந்தது. அதற்குப் பின்னால், அளவு தெரியாத ஒரு கெஞ்சல். கயிறு போட்டு அளந்த அன்று அவள் ஒரு விரற்கடைகூட ஏமாற்றவில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என் கயிறு அன்னிக்கு ஈரத்துல இழுத்துக்கிச்சு" என்றாள் மேஸ்திரியம்மா. "பள்ளம் எங்க பக்கம்தான். வாங்க சம்பந்தி."

அவர் குடையை விரித்து அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். அவள்தான் அதற்குள் நிற்காமல், பாதை ஓரத்தில் குனிந்து குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்; மகளுக்குச் சொல்ல வேண்டுமே. கேட் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்த முட்டையை எடுத்து, வேண்டுமா என்று நீட்டினார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பின்னால் பள்ளம் முழுக்கத் தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன.